மஞ்சள் விளக்கு எரிந்தது

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோவை இன்னொரு முறை பார்த்தேன். அரை நிமிஷம்கூட ஓடாது. ஒரு ஸ்கூட்டி, ஒரு வெள்ளைக் கார், தூக்கி எறியப்பட்டு ரோட்டில் விழும் ஒரு பெண். விழுகிறவள் என் தோழி கிரேஸ் டீச்சர். அதை எனக்குப் போட்டுக் காட்டியவளும் அவளேதான்... கம்பி வைத்த காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு.

"ஏட்டி, என்னைப் பாக்காத. எனக்க இண்டிகேட்டரை மட்டும் பாரு" என்றாள்.

பார்த்தேன். வண்டி திரும்புவதற்கு முன்பே வலது பக்க மஞ்சள் விளக்கு மின்ன ஆரம்பித்துவிட்டது. வண்டி சாய்ந்து கிடந்த பிறகும், யாரும் அணைக்காததால், அதுபாட்டுக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

இந்த ஒரு விளக்குக்காகத்தான் இந்த வாரம் உங்களிடம் கத்தப் போகிறேன். வழக்கமாக என் சமையல் கூத்தையும் பஸ் பயணத்தையும் படித்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிரேஸ் கணக்கு டீச்சர். அடுத்த தெருவுக்குப் பால் வாங்கப் போனாலும் ஹெல்மெட் மாட்டுகிறவள். நடு மத்தியானம், ஈ காக்கை இல்லாத சிக்னலிலும் சிவப்பு விழுந்தால் நிற்பாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவான். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இப்படிப்பட்டவள், திருவட்டாறு போகிற வழியில் ஒரு ஜங்ஷனில் - பெயர் வேண்டாம், கேஸ் நடக்கிறது - வலது பக்கம் திரும்பும்போது, பின்னால் வந்த கார் நடுக் கோட்டைத் தாண்டி முந்தப் பார்த்து அவளை அடித்துத் தூக்கிவிட்டது.

சரி, விபத்து. யாருக்கும் நடக்கலாம். அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

இவள் ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்தில் கிடக்கிறாள். கார் ஓட்டியவர் சட்டை கசங்காமல் ஸ்டேஷனில் நிற்கிறார். யார் சொல்வதை எழுதுவார்கள்? 'இண்டிகேட்டர் போடாமல் திடீரெனத் திரும்பியதால்' என்று எஃப்.ஐ.ஆரில் ஏறிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அந்த ஒரு வரி போதாதா? தப்பு டீச்சர் மேல், ஆகவே நஷ்டஈடு கிடையாது என்று கோர்ட்டில் எதிர்த்து நிற்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவள் வளையல்கள் அடகுக்குப் போய்விட்டன. அதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. இண்டிகேட்டர் போடாதவள் என்று எழுதிவிட்டார்களே என்றுதான் புலம்பிக்கொண்டிருக்கிறாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

அந்த ஜங்ஷனில் கேமரா இருக்கிறது. வியாபாரிகள் சங்கம் போலீசுக்காக வாங்கி மாட்டியது. ரிப்பன் வெட்டி, சால்வை போட்டு, லட்டு கொடுத்து, போட்டோவுக்கு நின்றார்கள். 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்று ஆள் உயரத்துக்குப் போர்டு வேறு. கேமரா காட்டுவதைப் பார்க்கும் டி.வி. சங்கத்து மாடியில் இருக்கிறது.

டீச்சர் கண் விழித்து, வக்கீல் பிடித்து, மனு எழுதி, போலீஸில் கொடுத்து, அவர்கள் சங்கத்தைக் கைகாட்டி... நானும் வக்கீலும் அந்த மாடி ஏறும்போது ஒரு மாசத்துக்கு மேல் ஓடிவிட்டது. சங்கச் செயலாளர் மரியாதையான மனுஷன். டீ வாங்கிக் கொடுத்தார். பழைய பதிவெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அழிந்துவிடும், மிஷின் அப்படி என்றார். மிஷினைப் பார்த்துக்கொள்ளும் பையனைக் கூப்பிட்டு, அன்றைக்கு ஏதாவது பார்த்தாயா என்று எங்கள் முன்னாலேயே கேட்டார். வினு என்று பெயர், முப்பது வயதிருக்கும். அன்றைக்கு லீவு என்றான். சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை, கீபோர்டைப் பார்த்தான்.

அழிந்துவிட்டதாம். ஆனால் எங்கே அழிந்தது? கடலோர இனயத்திலிருந்து மலையோரக் கீரிப்பாறை வரை வாட்ஸ்அப் வைத்திருக்கிறவர்கள் எல்லாரிடமும் அது இருக்கிறதே! யாரோ டி.வி.யிலிருந்து போனில் பிடித்து, காமெடிப் பாட்டு சேர்த்து, மேலே 'லேடீஸ் டிரைவிங்' என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சிகளை வரிசையாக ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் சர்ச் பாடகர் குழு குரூப்பில் வந்தது. கல்யாண வீட்டு குரூப்பில் வந்தது. பெண்களே பெண்களுக்கு அனுப்பினார்கள். ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற பெண்கள்! கோட்டைத் தாண்டி வந்தது காரு, ஓட்டியது ஆம்பளை. கேலி மட்டும் எங்களுக்கா?

வக்கீலிடம் வீடியோவைக் காட்டினோம். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். போன் மாறி போன் மாறி வந்தது செல்லாது, வெட்டி ஒட்டியது என்று எதிர்த்தரப்பு ஒரே வார்த்தையில் தள்ளிவிடும். இது இந்தக் கேமரா எடுத்ததுதான், நான் பார்த்தேன் என்று மிஷினைக் கையாண்டவர் கையெழுத்துப் போட வேண்டும், கூப்பிட்டால் வந்து சொல்லவும் வேண்டும் என்றார்.

மறுபடியும் மாடி ஏறினேன். அது எங்கள் கேமராதானா என்று நாங்கள் எப்படி மேடம் சொல்ல முடியும் என்று செயலாளர் கேட்டார். வீடியோவில் எதிர்க்கடை பேக்கரி போர்டு பளிச்சென்று தெரிகிறது. அந்த பேக்கரியிலிருந்து வந்த டீயைத்தான் நான் அப்போது குடித்துக்கொண்டிருந்தேன்.

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நம்மூரில் வேடிக்கை பார்க்க ஆள் பஞ்சமா? ரோட்டில் இரண்டு மாடு முட்டிக்கொண்டால் நூறு பேர் நிற்கிறோம். போனைத் தூக்கிப் பிடிக்கிறோம். ஆனால் 'நீ பார்த்தாயா' என்று சட்டம் கேட்டால் மட்டும், அத்தனை பேருக்கும் அன்றைக்கு லீவு. நமக்கு எதுக்கு வம்பு என்று ஒரு வரி வைத்திருக்கிறோம் பாருங்கள்... அதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரை நடு ரோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்?

முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். டீச்சரின் தங்கை மகன் சவூதியில், தம்மாமில் இருக்கிறான். தன் போனுக்கு முதலில் வந்த வீடியோவைத் தேடி எடுத்து அனுப்பியிருந்தான். அதில் பாட்டு இல்லை. டி.வி. இருந்த அந்த மாடி அறையில் நின்றவர்களின் பேச்சு இருந்தது. ஒரு சிரிப்பு, அப்புறம், "பறந்து போச்சு பாத்தியா மக்கா."

டீச்சர் அதைத் திரும்பப் போட்டாள். இன்னொரு முறை போட்டாள். "வினு" என்றாள். "எட்டாம் கிளாஸ். கடைசி பெஞ்ச்."

போர்டில் கணக்கு எழுதிக்கொண்டே, திரும்பாமல், முதுகுக்குப் பின்னால் சிரித்தது யார் என்று பெயர் சொல்லி எழுப்புகிறவள் அவள். அவளிடமா?

போன் போட்டாள். சாயங்காலமே வந்துவிட்டான், கையில் ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில். வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டான். ஹெல்மெட் போட்டிருந்ததால் ஆள் தெரியவில்லையாம். தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டானாம். ஒரே ஒரு கூட்டுக்காரனுக்குத்தான் அனுப்பினானாம். எல்லாரும் ஒருத்தனுக்குத்தானே அப்பா அனுப்புகிறோம்!

அப்படியானால் தெரியாத பொம்பளை விழுந்தால் சிரிக்கலாமா என்று நான் கேட்டேன். டீச்சர் என்னைக் கையமர்த்திவிட்டு அவனிடம் கேட்டாள்.

"இண்டிகேட்டர் எரிஞ்சுதா, இல்லியா?"

"எரிஞ்சுது டீச்சரே."

"அதை எழுதிக் கையெழுத்துப் போடு."

அவன் தரையைப் பார்த்தான். வீடியோ வெளியே போனது தன்னால்தான் என்று தெரிந்தால் சங்கத்தில் வேலை போய்விடும் என்றான். பிள்ளைக்கு இப்போதுதான் ஸ்கூல் சேர்த்திருக்கிறானாம். எனக்கே ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது.

டீச்சர் குரல் உயரவே இல்லை. "நீ சிரிச்சதுக்கு மன்னிச்சாச்சு மக்கா. பயந்து போய் லீவுன்னு சொன்னியே, அதுக்கும் மன்னிச்சாச்சு. இப்பம் எரிஞ்சுதுன்னு எனக்க முன்னால சொல்லிட்டு, கோர்ட்டுல சொல்ல மாட்டேன்னு போனேன்னா... அதுக்கு என்கிட்ட மன்னிப்பு இல்லை."

வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனான். இதை எழுதும்வரை பதில் இல்லை. வந்தாலும் வராவிட்டாலும் அவன் பெயரைச் சாட்சியாகக் கொடுத்துவிடும்படி டீச்சர் வக்கீலிடம் சொல்லிவிட்டாள். விளக்கு எரிந்தது என்று அவன் வாயால் சொன்னபோது பக்கத்திலிருந்தவள் என்று என் பெயரையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு லீவு இல்லை.

வினு இந்தப் பத்தியைப் படிப்பான் என்று நினைக்கிறேன். தம்பி, அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் சீல் உடைக்காமல் அலமாரியில்தான் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்ட அன்றைக்குத்தான் திறப்பாளாம்.