அப்பாவுக்கு இரண்டாம் ஞானஸ்நானம்

தம்பி மார்மன் ஆகிவிட்டான் என்று பெங்களூரிலிருந்து செய்தி வந்தபோது, அம்மா அதை ஏதோ புதுக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டாள். "சம்பளம் கூடவா, குறைச்சலாட்டி?" என்று என்னிடம் கேட்டாள். குறைச்சல்தான், பத்தில் ஒரு பங்கை அங்கே கொடுத்துவிட வேண்டும் என்றேன். "அப்ப எதுக்குப் போனான் கிறுக்கன்?" என்று சொல்லிவிட்டு உளுந்து புடைக்கப் போய்விட்டாள். மார்மன் என்பது அமெரிக்காவில் முளைத்த ஒரு சபை. அவ்வளவு எளிதாக என்னால் விட முடியவில்லை.

நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பாவோடு தொடங்கியது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் மேஸ்திரியாக இருந்தார். நான் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் எடுத்து ஓய்வு பெற்றவள். சான்று இல்லாமல் யாராவது எதையாவது சொன்னால் எனக்கு மூக்கு சிவந்துவிடும். தம்பியோ போன் போட்டால் சான்று இல்லாததையே மணிக்கணக்கில் சொல்வான்.

அமெரிக்காவில் ஒரு வாலிபனுக்குத் தேவதூதன் வந்து தங்கத் தகடுகளைக் காட்டிக் கொடுத்தானாம். அந்த வாலிபன் தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, தொப்பிக்குள் முகத்தையும் நுழைத்துக்கொண்டு, தகட்டில் உள்ளதை வாசித்துச் சொன்னானாம். அதுதான் இவர்களுடைய வேதம். தகடு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"தேவதூதன் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாருக்கா."

வீட்டுப்பாட நோட்டை மாடு தின்றுவிட்டது என்று என்னிடம் சொன்ன பையன்கள் உண்டு. அவர்கள் வீட்டில் மாடாவது இருந்தது.

அந்தப் புத்தகத்தின்படி, எருசலேமிலிருந்து ஒரு குடும்பம் கப்பலேறி அமெரிக்கா போய், பெருகி, பட்டணங்கள் கட்டி, லட்சக்கணக்கில் வெட்டிக்கொண்டு செத்ததாம். இங்கே ஆதிச்சநல்லூரில் மண்ணைக் கிளறினால் தாழி தாழியாகக் கிடைக்கிறது. ஏழை எளியவனைப் புதைத்த பானைகூட அத்தனை காலம் தாங்கியிருக்கிறது. அத்தனை பட்டணத்தில் ஒரு சட்டி பானைகூடவா மிஞ்சவில்லை என்று கேட்டேன். "விசுவாசத்துல பாக்கணும்க்கா" என்றான். நானும் விசுவாசிதான். ஆனால் எருசலேமுக்கு இன்றைக்கும் டிக்கெட் எடுக்கலாம்.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். அந்தப் புத்தகத்தில் ஒரு கூட்டத்தாரின் கருத்த தோல் கடவுள் கொடுத்த சாபமாக வருகிறது. நான் பாவாடை தாவணி போட்டுக்கொண்டு திரிந்த காலம் வரைக்கும் கறுப்பின ஆண்களுக்கு அவர்கள் சபையில் ஆசாரியப் பட்டம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் வெளுத்தவர் என்று ஒருத்தரும் இல்லை. அப்பாவை வயலில் நிறுத்தினால் சட்டை மட்டும்தான் தெரியும். "கண்ணாடியைப் பாத்துட்டுத்தான் சேந்தியாலே?" என்றேன். அதெல்லாம் அந்தக் காலம், இப்போது சபையே அதைத் தப்பு என்று சொல்லிவிட்டது என்றான். கடவுளுக்கு மனசு மாற இவ்வளவு நாளா என்று கேட்டேன்.

எங்கள் சபை யோக்கியமா என்றால் இல்லை. சபைத் தேர்தல் வந்தால் கோர்ட்டில் ஸ்டே வாங்குகிற சபை அது. கல்லறைத் தோட்டத்திலும் எந்தச் சாதி எந்தப் பக்கம் என்று சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் குருவானவர் ஒருநாளும், கடவுள் ஒரு காலத்தில் மனிதனாக இருந்து பதவி உயர்ந்தவர், நீங்களும் அப்படி ஆகலாம் என்று பிரசங்கம் பண்ணியதில்லை. தம்பியின் சபையில் அப்படித்தான் கற்பித்திருக்கிறார்கள். செத்த மனிதனைச் சாமியாக்க இந்தக் கரிசல் சீமைக்கு அமெரிக்காவா வந்து சொல்லித்தர வேண்டும்? வெட்டுப்பட்டுச் செத்தவனைக் கும்பிட ஊருக்கு ஒரு பட்டவன் பீடம் இருக்கிறது. அதை விட்டுத்தான் அப்பா வெளியே வந்தார்.

அப்பா இறந்து முதல் வருஷ நினைவு ஜெபத்துக்குத் தம்பி வந்தான். வெள்ளைச் சட்டை, டை. ஆவணி வெயிலில் டை கட்டிக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும். அம்மா டீ போட்டுக் கொண்டுவந்தாள். டீ, காப்பி இரண்டும் அவர்களுக்கு ஆகாது.

"விஷமால வச்சிருக்கேன்?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, சபையில கூடாது."

கானாவூர் கலியாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினார். இவர்கள் சபையில் கொடுக்கும் இராப்போஜனத்திலேயே ரசத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் வைக்கிறார்கள். டீ எம்மாத்திரம்? அம்மா அந்த டம்ளரை எடுத்துத் தானே குடித்தாள். முகம் வாடிவிட்டது.

கல்லறைக்குப் போய் மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வந்து, சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பினார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். தம்பி அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டபடியே விஷயத்துக்கு வந்தான்.

"அப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்மா."

அம்மாவுக்குப் புரியவில்லை. "அவியளுக்கு ஆச்சேலே. எனக்கு முந்தியே ஆச்சே."

அந்த ஞானஸ்நானம் செல்லாது என்றான். அதிகாரம் உள்ளவர்கள் கொடுத்தால்தான் செல்லுமாம். அந்த அதிகாரம் அப்போஸ்தலர் காலத்தோடு பூமியை விட்டுப் போய், பிறகு இவர்கள் சபைக்கு மட்டும் திரும்பி வந்ததாம். அதனால் உயிரோடு இருக்கிற ஒருத்தன் வெள்ளை உடுத்தி, அப்பா பேரைச் சொல்லி, அப்பாவுக்குப் பதிலாகத் தண்ணீரில் முங்கி எழுவான். ஏற்பதும் தள்ளுவதும் அங்கே இருக்கிற அப்பாவின் இஷ்டம். இதற்கு நெருங்கிய சொந்தத்தின் சம்மதம் வேண்டும். மனைவி இருப்பதால் அம்மாவின் சம்மதம்.

செல்லாது என்று அவன் சொன்ன அந்த ஞானஸ்நானம் எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எட்டயபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நிலம் உள்ள சம்சாரி வீட்டு மூத்த பிள்ளை அப்பா. ஐப்பசி மழைக்குப் பிறகு ஊர்க் கண்மாயில், ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்க, இறங்கி முங்கினார். முழங்கால் வரை கரிசல் சகதியோடு வீட்டுக்குப் போனபோது அவருடைய அப்பா கதவைத் திறக்கவில்லை. நிலத்தில் பங்கு இல்லை, வீட்டில் சோறு இல்லை. பல வருஷம் கழித்து அந்த மனிதர் செத்தபோது மூத்த பிள்ளையைக் கொள்ளி வைக்கக் கூப்பிட்டார்கள். கொள்ளி வைத்து, திதி கொடுத்தால் நிலம் உண்டு என்றும் சொன்னார்கள். அப்பா மாட்டேன் என்றார். அவருடைய தம்பிமார் அடிக்கப் பாய்ந்தார்கள். சுடுகாட்டில் தள்ளி நின்று, எரிந்து அடங்கும்வரை அழுதுவிட்டு, நடந்தே திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டதற்கு எங்களிடம் ஒரே பதில்தான்: "செத்தவிய கர்த்தர் கையில இருக்காவ. நாம அதுல கை போடக் கூடாது."

அப்படிப்பட்ட அப்பாவுக்கு அவர் பெற்ற பிள்ளை தண்ணீரில் சடங்கு செய்யப் போகிறானாம். சொந்த அப்பனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க மறுத்து நிலத்தை விட்டவருக்கு, பிளேன் ஏறிப் போய் எங்கோ வெளிநாட்டுக் கோயிலில் தொட்டியில் முங்கித் திதி கொடுக்கப் போகிறான். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். டை கட்டின புரோகிதன் என்றேன். அப்பாவுக்கு நீ செய்கிற முதல் அவமரியாதை இது என்றேன்.

"நீ சும்மா இருட்டி" என்று அம்மா என்னை அடக்கினாள்.

அம்மா இளகுகிறாள் என்று தெரிந்துவிட்டது. அவள் இளகுவதற்குக் காரணமும் இருந்தது. அந்தச் சபையில் சேர்ந்த பிறகு தம்பி குடியை விட்டான். ஞாயிறு தவறாமல் அம்மாவுக்குப் போன் பண்ணுகிறான். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்குக்கூடப் பண்ணமாட்டான். இதை மறுத்தால் நான் பொய்க்காரி.

"ஒரு முங்குதானல? அதுல அவியளுக்கு என்ன கெட்டுப் போகப்போவுது?" என்றாள் அம்மா.

ஆம் என்று சொல்ல இன்னும் ஒரு மூச்சுதான் பாக்கி. அதோடு தம்பி வாயை மூடியிருக்கலாம். சந்தோஷத்தில் மேலே மேலே பேசினான். ஞானஸ்நானம் முதல் படிதான், அதற்குப் பிறகு குடும்பத்தையே நித்தியத்துக்கும் சேர்த்துக் கட்டும் சடங்கு ஒன்று இருக்கிறது, செத்த பிறகும் புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் பிரியவே மாட்டார்கள் என்றான்.

"அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் மொதல்ல கட்டிருவோம். ஒனக்குப் பின்னால ஒனக்கும் நான் செய்வேன்மா."

அவன் பெரியம்மா என்றது என்னைப் பெற்றவளை. அப்பாவின் முதல் மனைவி. எனக்கு நடை பழகும் முன்பே இறந்துவிட்டாள். இந்த அம்மா இரண்டாவதாக வந்தவள், தம்பியைப் பெற்றவள், என்னை வளர்த்தவள். பெற்றவளை எனக்கு ஒரு போட்டோவில்தான் தெரியும்.

மறுமையில் கொள்வினை கொடுப்பினை இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார் என்றேன். இவர்களுடைய ஆரம்பகாலத் தலைவர்கள் கணக்கில்லாமல் பெண்டாட்டி கட்டியவர்கள், சர்க்கார் நெருக்கியதும் பூமியில் நிறுத்திக்கொண்டார்கள், பரலோகத்தில் மட்டும் கடை திறந்தே இருக்கிறது என்றேன். அம்மா காதில் வாங்கவில்லை. அவளுக்கு மூத்தவள் மேல் பொறாமையும் இல்லை. "இருக்கட்டும், அக்கா முந்தி வந்தவதானே" என்றாள். பிறகு என்னைக் காட்டி அவனிடம் கேட்டாள்.

"இவ யாரு கூட?"

தம்பி யோசித்தான். அவன் சபைச் சட்டம் சரியாக என்னவோ எனக்குத் தெரியாது, அவன் சொன்னது இது: "அக்கா அவளப் பெத்தவிய கூடத்தான்மா. அவளும் போன பெறகு அதையும் செஞ்சிரலாம்."

"அப்ப எனக்கு?"

"ஒனக்கு நான் இருக்கேம்லா."

அம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

"ஏலே, இவளுக்குப் பேன் பாத்தது நானு. பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்கு இருந்து நனைச்ச பாவாடைய அலசுனது நானு. இவ புருசன் செத்தப்ப இவ கூடவே வாசல் கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தது நானு. எல்லாம் அங்கன கொண்டுபோயி இன்னொருத்திட்ட ஒப்படைக்கவா?"

"அப்படி இல்லம்மா..."

"உசுரோட இருக்குறவியளப் பிரிச்சி வச்சிட்டு, செத்தவியளச் சேக்குதேங்குற. ஒங்கப்பா பேர ஒருத்தனும் சொல்லக் கூடாது. அவிய முங்கி எந்திரிச்சாச்சு. எனக்கும் வேண்டாம், இவளுக்கும் வேண்டாம்."

ஆதிச்சநல்லூர், தகடு, கல், தொப்பி என்று நான் சேர்த்து வைத்திருந்த வாதமெல்லாம் எதற்கும் உதவவில்லை. அம்மா தன் சொந்தப் பிள்ளை முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அறுபது வயதில் ஒரு சின்னப் பிள்ளை மாதிரி அவள் மடியில் முகம் வைத்து அழுதேன்.

தம்பி சாயங்காலம் பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பினான். அம்மா அவனுக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள், தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினாள். வாசலில் வைத்து நான் கேட்டேன், "அப்பாவுக்கு எப்பவும் செய்ய மாட்டேன்னு அம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேம்ல."

செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே இருந்தான். "அம்மா இருக்கற வரைக்கும் செய்ய மாட்டேன்க்கா" என்றான்.

அவனுக்கு அவன் சபைச் சட்டம் தெரியும். அம்மாவுக்குப் பிறகு நெருங்கிய சொந்தம் பிள்ளைகள்தான், சம்மதம் சொல்ல அதில் ஒருத்தர் போதும் என்று மத்தியானம் அவனே சொல்லியிருந்தான். அன்றைக்கு அவன் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது, இரண்டு கண்ணிலும் புரை. அவள் மூச்சு இருக்கும் மட்டும்தான் அப்பாவுக்குக் காவல்.