பாதுகாப்புக் கட்டணமும் ஒரு கிலோ உப்பும்

என் அக்காவை மார்க்கெட் நடுவில் வைத்து ஒரு பெண்மணி திருடி என்றாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் பிடித்துவரும் இறாலையும் நண்டையும் கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து விற்கிறாள். கையில் பிடித்து நிறுக்கும் பழைய தட்டுத் தராசு, இரும்புக் கற்கள், அவ்வளவுதான் அவள் கடை. அந்தப் பெண்மணி வாங்கிய இறாலை எங்கேயோ மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, எடை குறைகிறது என்று கத்தினாள். உண்மை என்னவென்றால், ஐஸ் தண்ணீர் வடிந்துவிட்டது. அதை யார் கேட்பது? "மெஷின் வச்சிக்கினு வியாபாரம் பண்ணு, இல்லன்னா கூடைய தூக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரமே வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர் பக்கத்துக் கடைக்கு மாறிவிட்டார்கள். அங்கே சிவப்பு எண்கள் மின்னும் மெஷின் இருந்தது.

புது மெஷின் வாங்க அக்காவிடம் பணம் இல்லை. நான்தான், படித்த திமிரில், பழைய பொருள் விற்கும் ஆப்பில் தேடிப் பிடித்தேன். கோவைப் பக்கத்து ஆள் ஒருவர். "நல்ல கண்டிஷன், ஒரு கிராம்கூட மாறாது" என்று போட்டிருந்தார். பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தால் விலைக்குக் கீழே இன்னொரு வரி, பக்கத்தில் குட்டிக் கேடயப் படம். வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம், அறுபத்தொன்பது ரூபாய். வேண்டாம் என்று எடுக்கப் பார்த்தேன். எடுக்க வழியே இல்லை. கட்டினால் பொருள், கட்டாவிட்டால் ஒன்றும் கிடையாது. வழியில் போகிறவனைப் பிடித்து "உனக்குக் காவல் இருக்கிறேன், காசு கொடு" என்று கேட்டால் அதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். திட்டிக்கொண்டே கட்டினேன். கட்டியதுதான் கட்டினோம், ஏதாவது ஆனால் கேட்கலாமே என்றும் நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

பார்சல் வந்த அன்று எனக்கு வார விடுமுறை. அக்கா வீட்டில்தான் இருந்தேன். பெட்டியைப் பிரித்ததும் நான் பிளக்கைத் தேடினேன். அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னாடி அவசரம்? பொட்டு வைக்காம யாராவது தராச தொடுவாங்களா?"

மெஷினைத் துடைத்தாள். தட்டின் நாலு மூலையிலும் மஞ்சள், குங்குமம். எதிரே கற்பூரம். குப்பத்தில் புது வலையானாலும் படகு மோட்டாரானாலும் இது நடக்காமல் வேலைக்குப் போகாது. தராசென்றால் அக்காவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் எடை உப்பாகத்தான் இருக்க வேண்டும். கையில் அள்ளிய கல்லுப்பைத் தட்டில் தூவிக் கும்பிட்டாள். அப்புறம்தான் கடையில் வாங்கிய ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்தாள். மெஷின் ஆயிரத்து நூறு கிராம் காட்டியது.

பிளாஸ்டிக் உறையின் கனம், தூவிய உப்பின் கனம் என்று நான் சமாதானம் சொன்னேன். அக்கா தட்டைத் துடைத்துவிட்டு ஒரு கிலோ இரும்புக் கல்லை வைத்தாள். அப்போதும் ஆயிரத்து எண்பது. வாங்குகிறவர்கள் தலையில் கிலோவுக்கு எண்பது கிராம் மிளகாய் அரைக்கும் மெஷின். திருடி என்ற பேரை அழிக்க வாங்கியது, அதை உண்மையாக்கிக் கொடுக்க வந்திருந்தது.

ரிப்பேர் செய்கிறவரிடம் காட்டினோம். உள்ளே எடை தாங்கும் பாகமே வளைந்துவிட்டது, மாற்றினால் மெஷின் விலை ஆகும் என்றார். விற்ற ஆள் போனை எடுக்கவே இல்லை. சரி, பாதுகாப்புதான் இருக்கிறதே என்று படங்களை அனுப்பிப் புகார் கொடுத்தேன். மறுநாள் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. பொருளில் கறைகளும் துகள்களும் உள்ளன, பொருள் பயன்படுத்தப்பட்டுவிட்டது, ஆகவே கோரிக்கை ஏற்கப்படவில்லை.

டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். பழைய மெஷின் என்று சொல்லித்தானே விற்றார்கள்? எவனோ வருடக்கணக்கில் பயன்படுத்தி வளைத்து வைத்ததை நாங்கள் பயன்படுத்திவிட்டோமாம். குங்குமம் கறையாம். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் மருந்துப் பாட்டில் மூடிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. ஒரு மூடி மருந்தைக் கசியவிட்டால் மொத்தப் பெட்டியையும் திருப்பி எடுக்கிறோம். வாங்கியவர் மூடியைத் திறந்து பார்த்தாரா, சாமி கும்பிட்டாரா என்று நாங்கள் கேட்பதில்லை.

மறுபடி எழுதினேன். மறுபடி அதே பதில், "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்ற வரி மட்டும் புதிது. கடைசியில், மெஷின் தொலையட்டும், அந்த அறுபத்தொன்பது ரூபாயையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். பணத்துக்காக இல்லை. அது இரண்டு பேர் நாஷ்டா காசு. செய்யாத வேலைக்கு வாங்கியதை ஒத்துக்கொள்ளட்டும் என்ற ஆத்திரம். பாதுகாப்புச் சேவை முழுமையாக வழங்கப்பட்டுவிட்டதால் கட்டணத்தைத் திருப்ப இயலாது என்று பதில் வந்தது. அதைப் பத்துத் தடவை படித்தேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளுக்கும் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

அடுத்த விடுமுறையில் மார்க்கெட்டுக்குப் போனால், அக்கா அந்த மெஷினையே முன்னால் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அப்போது, திருடி என்று கத்திய அதே பெண்மணி வந்து நின்றாள். அக்கா ஒரு கிலோ கல்லை எடுத்து மெஷின்மேல் வைத்தாள்.

"பாத்துக்கோமா. இது எம்பது கிராம் கூட காட்டுது. ஆயிரத்து எம்பது வர்ற வரிக்கும் போடுறேன். அப்பதான் உனுக்கு சரியா ஒரு கிலோ."

"ரிப்பேர் மெஷினா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு அந்தப் பெண்மணி பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள். அந்தக் கடை மெஷின்மேல் யாரும் கல் வைத்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உன்ன யாருக்கா சொல்லச் சொன்னது? பேசாம ஆயிரத்து எம்பது போட்டுக் குடுத்துட்டுப் போவ வேண்டியதுதான?"

"சொல்லாம போட்டா அவளுக்கு எப்பிடித் தெரியும்?" அக்கா கல்லை எடுத்து ஈரம் துடைத்தாள். "உன்கிட்ட பாதுகாப்புன்னு துட்டு வாங்குனானே, அவன் கல்லு வச்சிக் காட்டுனானா?"