தேக்கங்காட்டு வெயில்

சிறுமியின் தலை முழுக்க வயர்கள். அவளது மூளையின் அலைகள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. மூடிய கண்களுக்கு முன்னால் விளக்கை மின்னவிட்டதும் அலைகள் வலிப்பின் அறிகுறியாகத் துள்ளின. விளக்கை உடனே நிறுத்தினேன். மனம் அதற்குள் எங்கள் ஊர்த் தேக்கங்காட்டுக்குப் போய்விட்டது.

அக்கா சைக்கிள் மிதிப்பாள், நான் கரியரில். காலை வெயில் மரங்களுக்கிடையால் வெட்டி வெட்டி முகத்தில் அடிக்கும். அந்த இடத்தில்தான் இரண்டு தரம் சைக்கிளோடு விழுந்து வலிப்பில் துடித்தாள்.

"அதில முனி நிக்குது. இனி அந்த றோட்டால போகவேண்டாம்," என்றார் அப்பா.

"முனிக்கு என்னில மட்டும் என்ன கோவம்? பின்னால இருந்து கத்திக் கத்திப் பாட்டுப் படிச்சவன் இவனெல்லோ!" என்றாள் அக்கா.

பள்ளிக்கூடத்துக்கு வேறு றோட்டு இல்லை. எட்டாம் ஆண்டோடு அவள் படிப்பு நின்றது. இடத்தை அப்பா சரியாகத்தான் பிடித்திருந்தார். விளக்கைப் போல மின்னிய வெயிலை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

வயர்களைக் கழற்றி, தலையில் ஒட்டியிருந்த பசையைத் துடைக்கும்போது சிறுமியின் தாய் கேட்டார்: "தம்பி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால மறிக்கட்டோ?"

"வருத்தத்தைப் பற்றி டொக்டர் சொல்லுவார் அம்மா. பள்ளிக்கூடத்தை மட்டும் மறிச்சுப்போடாதேங்கோ."

"ஏன் தம்பி?"

"எங்கட வீட்டில அக்காவை மறிச்சவை. ஏன் மறிச்சனீங்களெண்டு அவா இண்டைக்கும் கேக்கிறா."