பதினொரு மணி வரை ஈரத்துணி

மூன்று வருடங்களுக்கு முந்தைய பங்குனி மாதம். திருவிடந்தைக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி இருக்கும் ஒரு சின்னக் குடியிருப்பின் ஓரத்தில் நான் செய்த ஒரு சோம்பேறித்தனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இன்றைக்குச் சோம்பேறித்தனம் என்று சுலபமாக எழுத வருகிறது. அன்றைக்கு அதற்குக் களைப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

செயற்கைக்கோள் எடுக்கும் படங்களை வைத்து, எங்கே பயிர் இருக்கிறது, எங்கே மண் கெட்டிருக்கிறது என்று வரைபடம் போடுவது என் வேலை. சொந்தக்காரர்களிடம் சொன்னால் "ஓ, ராக்கெட்டா?" என்பார்கள். ராக்கெட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. செங்கல்பட்டில் காலை மின்சார ரயிலில் ஏறி, நின்றுகொண்டே போய், நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரிந்து, மறுபடி நின்றுகொண்டே வீடு வந்து சேரும் ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, போனால் போகிறது என்று நீட்டிப்பார்கள்.

எங்கள் திரையில் பச்சைப் பயிர் சிவப்பாகத் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத ஒளியையும் சேர்த்துப் பார்ப்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. நல்ல சிவப்பு என்றால் நல்ல செழிப்பு. உப்பு பூத்த மண்ணோ வெள்ளை வெளேரென்று தெரியும்.

அந்தக் குடியிருப்பை ஒட்டி அப்படி ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. மார்கழி, தை மாதங்களில் பெரிதாகும், மறுபடி சித்திரை, வைகாசியில் பெரிதாகும், நடுவில் சுருங்கும். கால்வாயின் உப்பு ஊருக்குள் ஏறுகிறது என்று நான் முடிவு கட்டினேன். மழை முடிந்த கையோடு மார்கழியில் உப்பு எப்படிக் கூடும் என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்து அதன் வாயை அடைத்தேன்.

மேலே இருந்து பார்த்தது சரிதானா என்று வருடத்துக்கு இரண்டு முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். கணினி சில புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். அந்தப் புள்ளியிலேயே போய் நின்று, போட்டோ எடுத்து, மண்ணை வாரிப் பையில் போட்டு, சீட்டு ஒட்ட வேண்டும். அன்றைக்கு அந்தத் திட்டுதான் கடைசிப் புள்ளி. சாயங்காலம் ஐந்து மணி. காலையிலிருந்து வரப்பிலும் மணலிலும் நடந்து என் முழங்கால் வீங்கியிருந்தது. கால்வாய்க் கரையில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், இங்கருந்து பத்து நிமிசம் முள்ளு வழியா நடக்கணும். இன்னிக்கு முடியலன்னா நாளிக்கு வந்துக்கலாம்," என்றார்.

நாளைக்கு என்றால் மறுபடி அந்த ரயில், மறுபடி இந்த வெயில். நான் இறங்கினேன். கால்வாய்க் கரையிலேயே குனிந்து இரண்டு கை மண்ணை அள்ளிப் பையில் போட்டு, சீட்டில் அந்தப் புள்ளியின் எண்ணை எழுதினேன். ஒரே மண்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டுநர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கால்வாய்க் கரை மண்ணில் உப்பு இல்லாமல் சர்க்கரையா இருக்கும்? ஆய்வுக்கூடம் கடும் உப்பு என்று சொன்னது. திரையும் மண்ணும் ஒத்துப்போய்விட்டன. எங்கள் அறிக்கையிலேயே உருப்படியான பக்கம் இதுதான் என்று மேலதிகாரி பாராட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருடம் தை மாதம். அந்த உப்புத் திட்டை இன்னும் கிட்டத்தில் படம் எடுத்து வரச் சொல்லி, டிரோனோடு என்னை அனுப்பினார்கள். அணுமின் நிலையம் இருக்கும் கல்பாக்கம் பக்கம் என்றால் அதை வெளியிலேயே எடுக்க முடியாது. இங்கே அனுமதி வாங்கியிருந்தோம். அதே ஓட்டுநர், அதே கால்வாய்க் கரை. காலை பத்து மணிக்கு டிரோனைப் பறக்க விட்டுக் கையிலிருந்த திரையைப் பார்த்தேன்.

உப்புக்கு ஓரத்தில் நீலக் கோடு போட்டிருந்தது.

இன்னும் கீழே இறக்கினேன். அடுக்கடுக்காகக் கட்டிய கயிறுகளிலும் புல்தரையிலும், நீலக் கரை வைத்த வெள்ளை பெட்ஷீட்டுகள், துண்டுகள். நூற்றுக்கணக்கில். நடுவே ஏழெட்டுப் பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி கையை நீட்டி டிரோனை ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். டிரோனைத் தரையிறக்கினேன். முன்பு நடக்க முடியாத அந்த முள் வழியை, ஓட்டுநர் பின்னாலேயே வர, நான்கே எட்டில் கடந்ததாக ஞாபகம்.

திட்டிய பெண்தான் அவர்களுக்குத் தலைவி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அவர் வீட்டுப் பெண்கள் முன்பு அடுத்தவர் கழனியில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள். கழனியெல்லாம் மனைகளான பிறகு இந்த வேலை. ரோட்டோர ரிசார்ட்டுகளின் துணிகளை வேறொரு இடத்தில் மெஷினில் துவைத்து, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஈரத்தோடு இங்கே கொண்டுவந்து உலர்த்துகிறார்கள். மார்கழியிலும் கோடை விடுமுறையிலும் ஆள் வரத்து அதிகம், துணியும் அதிகம். என் உப்பு ஏன் பருவத்துக்குப் பருவம் பெருத்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இன்னாமா, துணி காயப்போடறதுல இன்னா சினிமா கீதுன்னு படம் புடிக்கிற?" என்றார்.

"துணிய இல்லக்கா. மண்ணுல எவ்ளோ உப்பு இருக்குன்னு பாக்க வந்தோம்."

அவர் என்னைக் கிறுக்கியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "உப்பு பூக்கற மண்ணுல எவளாச்சும் வெள்ளத் துணிய விரிப்பாளா? கறை புடிச்சா ரிசார்ட்டுக்காரன் மூஞ்சிலயே வுட்டெறிவான். கடலாண்ட காயவெச்சாலே பிசுபிசுன்னு கீதுன்னுதான் இம்மாந்தூரம் எடுத்தாறோம். உப்பு இல்லாத எடமாப் பாத்துத்தான் இத்தப் புடிச்சோம்."

காலடியில் பார்த்தேன். அருகம்புல் மெத்தை மாதிரி இருந்தது. எங்கள் திரையில் நல்ல சிவப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய புல்.

அவர் அதோடு விடவில்லை. "உன்ன மாதிரிதான் யாரோ மேலருந்து பாத்து, இந்த ஊரே உப்புன்னு எழுதிட்டாங்களாம். போர் போட வந்த வண்டி தெருமுனை வரிக்கும் வந்து திரும்பிப் போச்சு. ஒரு வருசமா தண்ணி லாரிக்கு நின்னுகினு கீறோம்," என்றார். சொல்லிக்கொண்டே ஒரு சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் வந்திருக்கிறாளே என்று.

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தண்ணீரை என்னால் குடிக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. எங்கள் வரைபடத்தை யாரோ எந்த அலுவலகத்துக்கோ அனுப்புவார்கள் என்று தெரியும். அங்கிருந்து அது ஒரு தெருவின் குழாய் வரைக்கும் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. சொல்லாமல் வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொம்பு கையில் இருந்ததால் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அக்கா, அந்த யாரோ நான்தான்."

மேலே போகும் செயற்கைக்கோளைப் பற்றியும், கால்வாய்க் கரை மண்ணைப் பற்றியும் சொன்னேன். அவர் கயிற்றில் தொங்கிய துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ இந்த பெட்ஷீட்டப் பாத்துத்தான் எழுதினியா?"

"ஆமாக்கா."

"எம்மாங் கொடம் தூக்கினோம் தெரியுமா? எம் பொண்ணு லாரிக்கு நின்னு நின்னு, லேட்டாப் போய், இஸ்கூல்ல வெளிய நிக்கவெச்சாங்க."

அவ்வளவுதான். கத்தவில்லை. நாலு பேச்சு கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிறகு வானத்தைக் காட்டி, "அது எப்போ போவும்?" என்று கேட்டார்.

"அஞ்சு நாளைக்கு ஒருக்கா. காலைல பத்தரை மணி வாக்குல."

"அந்த நேரத்துக்குத் துணி இல்லாம வெச்சா, மண்ணு மண்ணாத் தெரியுமா?"

"தெரியும்க்கா. ஆனா நீங்க அதெல்லாம் செய்ய வேணாம். தப்பு என்னுது. நான் எழுதித் திருத்திடறேன்," என்றேன். அடுத்து வரும் தேதி எது என்று கேட்டார், சொன்னேன். நாளைக்குக் கட்டாயம் லாரி வரும் என்று சொல்பவரைப் பார்ப்பது போலத்தான் என்னைப் பார்த்தார்.

அந்தப் புல்லுக்கு அடியிலிருந்து மண் எடுத்துப்போய்ச் சோதிக்கக் கொடுத்தேன். நல்ல மண். நடந்ததை ஒரு பக்கம் எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "புள்ளி கொஞ்சம் தள்ளிப்போச்சுன்னு பொதுவா எழுதலாமே, உங்களை எதுக்கு இழுத்துவிட்டுக்கறீங்க?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு எழுதியபடியே கொடுத்தேன். அடுத்த முறை என் ஒப்பந்தம் மூன்று மாதத்துக்குத்தான் நீண்டது. கடிதம் எந்த மேசையில் தூங்கியது என்று கடைசி வரை தெரியவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

ஆனால் திரையில் ஒன்று நடந்தது. நான் வந்த பிறகு எடுத்த படத்தில் அந்த வெள்ளைத் திட்டு இல்லை. நல்ல சிவப்பு. அதற்கடுத்த படத்திலும் இல்லை. மாசி போய், பங்குனி போய், வைகாசியே வந்துவிட்டது, அத்தனை படத்திலும் சிவப்புதான். எனக்குப் பகீரென்றது. நான் போய்க் கிளறியதில் இடத்துக்காரர் விரட்டிவிட்டாரோ, ரிசார்ட்டுகள் கைவிட்டுவிட்டனவோ? குழாயைப் பிடுங்கியது போதாதென்று பிழைப்பையும் பிடுங்கிவிட்டேனா? போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. வேலை, முழங்கால், வெயில் என்று ஒவ்வொரு வாரமாகத் தள்ளினேன்.

ஆனியில் ஒரு சனிக்கிழமை, மனம் தாங்காமல் பேருந்து பிடித்து, கடலோரச் சாலையான ஈ.சி.ஆரில் இறங்கிப் போனேன். முள் வழியைக் கடந்தபோது மணி பத்து இருபது. மைதானம் காலியாகக் கிடந்தது. கயிறுகளில் ஒரு துணி இல்லை. வண்டி மட்டும் ஓரமாக வேப்பமர நிழலில் நின்றது. அதைச் சுற்றி அத்தனை பெண்களும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். 

"வேலை போயிடுச்சாக்கா?" என்று கேட்டேன்.

"வாயக் கழுவுமா," என்றார் அவர். "இன்னிக்குத் தேதி கீதே. பதினோரு மணி ஆவட்டும்."

எட்டிப் பார்த்தேன். வண்டி நிறைய ஈரத்துணி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாதத்துக்கு ஒரு தாளாக ஒரு காலண்டர் தொங்கியது, புரட்டினேன். அதில் ஐந்து நாளைக்கு ஒரு வட்டம், தை மாதத்திலிருந்து, ஒன்றுவிடாமல். நான் சொன்ன ஒரு தேதியிலிருந்து அவர்களே எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்கள். மற்ற நாட்களில் வழக்கம்போல ஒன்பது மணிக்கே விரித்துவிடுவார்களாம். வட்டம் போட்ட நாளில் மட்டும் பதினொரு மணி வரை காத்திருப்பார்களாம். ஈரத்திலேயே கிடந்தால் நாறும் என்று நடுநடுவே எழுந்து துணியைப் புரட்டிப் போடுவார்களாம். அந்த நாட்களில் துணி போய்ச் சேரத் தாமதமாகி ரிசார்ட்டில் பேச்சு வாங்கியிருக்கிறார்கள்.

"நான்தான் லெட்டர் குடுத்துட்டேனேக்கா," என்றேன். 

"உன் லெட்டர் ஒரு பக்கம் போவட்டும். நாங்க ஒரு பக்கம் பாத்துகினோம்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மேலருந்து தெரியுதாமா, எங்க மண்ணு?" என்று கேட்டார்.

"நல்லா தெரியுதுக்கா," என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் என் கையில் ஈரத் துண்டு ஒன்றைக் கொடுத்தாள். ரிசார்ட் துண்டு, அழுக்காக்காமல் துடைத்துக்கோ என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பதினொரு மணிக்கு அவர்களோடு சேர்ந்து நானும் துணி விரித்தேன்.

அடுத்த தை மாதம் போர் போட்டார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறதாம். அந்த அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. "அண்மைக்காலப் படங்களில் இப்பகுதியில் உப்பு காணப்படவில்லை" என்று அதில் ஒரே ஒரு வரி காரணமாக இருந்தது. என் கடிதத்தைப் பற்றியோ நான் கொடுத்த மண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லை.

இன்னும் அதே ரயிலில் நின்றுகொண்டுதான் போகிறேன். முழங்காலும் அப்படியேதான் இருக்கிறது. கடைசிப் புள்ளி என்று வரும்போது இன்றைக்கும் நாளைக்குப் பார்க்கலாம் என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் என் ஒரு சாயங்காலக் களைப்பை நேராக்க அந்தப் பெண்கள் எத்தனை காலை வேளைகள் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால், அந்தப் பத்து நிமிடத்தை நடந்துவிடுகிறேன்.