மும்தாஜ் வீட்டுக்குப் பதினெட்டுப் பேர்

1. மூன்றாவது கேள்வி

வெம்பிளியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ட்ரவல் ஏஜென்சி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே வேலை கேட்டுப் போனபோது முதலாளி தர்மண்ணை மூன்று கேள்விகள் கேட்டார். ரைப் அடிக்கத் தெரியுமா, காலையில் எத்தனை மணிக்கு வர ஏலும், ஆக்ரா பார்த்திருக்கிறேனா. முதல் இரண்டுக்கும் உண்மையைச் சொன்னேன்.

நான் இந்தியாவில் இருந்தது மொத்தம் மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் சென்னையில் ஒரு லொட்ஜில் குந்தியிருந்து, என்னை லண்டனுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாஜ்மகாலை நான் பார்த்தது ஒரு பிஸ்கட் ரின் மூடியில்தான்.

"ஓம் அண்ணை, ரெண்டு தரம்" என்றேன்.

"நல்லது. நான் இன்னும் பாக்கேல்லை" என்றார் தர்மண்ணை. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரை நிறைத்துக்கொண்டு தாஜ்மகால் போஸ்டர் இருந்தது. பத்து வருடமாக அதைக் காட்டி இந்தியப் பயணம் விற்றுக்கொண்டிருக்கிற மனிதர் அவர்.

இன்றைக்கு இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கொம்பியூட்டரில் ஹோட்டல் அறையின் கட்டிலைக்கூடக் காட்டுகிறார்கள். எங்களுக்கு இருந்தது ஒரு போஸ்டர், ஒரு போன், ஒரு ஃபாக்ஸ் மெஷின். மிச்சத்தை வாயால்தான் கட்ட வேண்டும்.

2. எழுதக்கூடாத சொல்

எங்கள் சனம் அந்நாளில் இந்தியாவுக்குப் போனது இரண்டு காரியங்களுக்கு. கோயில், கூறைச்சேலை. சிதம்பரம், மதுரை, திருச்செந்தூர், பிறகு சென்னையில் கடைத்தெரு. ஆனால் அந்த வருடம் தர்மண்ணைக்கு வாய்ப்பாகக் கிடைத்த விமானம் டில்லியில்தான் இறங்கும். டில்லியில் இறங்கிய சனத்தைச் சும்மா மூட்டை கட்டித் தெற்கே அனுப்பக்கூடாது என்று 'வடக்கும் தெற்கும்' என்றொரு சுற்றுலா பிறந்தது. அதன் மணிமகுடம் ஆக்ரா.

துண்டுப்பிரசுரத்தை நான்தான் எழுதினேன். இரண்டு தரம் பார்த்தவன் அல்லவா! "ஷாஜகான் தன் மனைவி மும்தாஜுக்கு எழுப்பிய பளிங்குக் கல்லறை" என்று எழுதிக் கொடுத்தேன். தர்மண்ணை சிவப்புப் பேனையால் கடைசிச் சொல்லை வெட்டினார்.

"தம்பி, உமக்கு மூளை இருக்கோ? எங்கட சனத்தைச் சவக்காலைக்கு வாங்கோ எண்டு ஆரும் கூப்பிடுவினமோ? செத்தவீட்டுத் துடக்கு எண்டு ஒண்டு இருக்கெல்லே. மாளிகை எண்டு எழுதும்."

"அது பொய்யெல்லோ அண்ணை?"

"மனுசிக்குக் கட்டினது. மனுசி உள்ளைதான் இருக்கிறா. இதிலை எங்கை பொய்?"

'அன்பு மாளிகை' என்று அச்சடித்தோம்.

பதினெட்டுப் பேர் பதிந்தார்கள். அதில் பதினொரு பேர் நோர்பரியில் இருந்த பவளம் அன்ரியின் ஆட்கள். பவளம் அன்ரி அறுபது வயதுக்காரி, கைம்பெண். அந்தக் குடும்பத்தில் எவர் வீடு வாங்குவது, எவர் பிள்ளைக்கு எந்தச் சாதகம் என்பதெல்லாம் அவர் தலையசைத்தால்தான் நடக்கும். மகன் சுதனுக்குக் கலியாணமாகி மூன்று மாதம். சுதனும் புது மருமகள் நிரோஷாவும் தேனிலவாக வருகிறார்கள் என்று பவளம் அன்ரி அறிவித்தார். தேனிலவுக்கு மாமியாரும் எட்டு உறவினர்களும் கூட வருவதில் யாருக்கும் வியப்பில்லை.

தாலி கட்டி ஒரு வருடம் முடியாத சோடியைச் செத்தவீட்டுப் பக்கமே எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். நாங்கள் இரண்டு பிணங்களைப் பார்க்க அழைத்துப் போகிறோம்.

தர்மண்ணை என்னைக் கூப்பிட்டார். "நீர்தான் இடம் தெரிஞ்ச ஆள், நீரே கூட்டிக்கொண்டு போம். நல்லபடியாத் திரும்பினால் வேலை பெர்மனென்ற். ஒரு கொம்பிளெயின்ற் வந்தாலும் பழையபடி பெற்றோல் ஸ்ரேசன் நைட் ஷிப்டுதான்."

அந்த ஷிப்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு வருடம் இருந்தவன் நான். ஆக்ராவில் என் வாயிலிருந்தோ வேறெவர் வாயிலிருந்தோ அந்தச் சொல் வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

3. மொழிபெயர்ப்பு

பள்ளிக்கூட விடுமுறையோடு போனதால் ஓகஸ்ட் மாதப் புழுக்கம். விடியுமுன் புறப்பட்ட கோச் பஸ்ஸில் டில்லியிலிருந்து ஆக்ராவுக்குப் போகும்போது நிரோஷா என் சீற்றுக்குப் பின்னால் வந்து குனிந்தாள். லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

"அண்ணா, மாமிக்குத் தெரியுமா? இட்ஸ் அ கிரேவ், ரைட்? நாங்கள் ஸ்கூலிலை படிச்சனாங்கள்."

"பிள்ளை, கும்பிட்டுக் கேக்கிறன்."

"நான் சொல்லமாட்டன். சொன்னால் கோச்சைத் திருப்பச் சொல்லுவா. எனக்கு அங்கை சுதனோடை ஒரே ஒரு போட்டோ வேணும். நாங்கள் ரெண்டு பேர் மட்டும். வெடிங் அல்பத்திலைகூட அப்பிடி ஒண்டு இல்லை, ஒவ்வொண்டிலையும் யாராவது ஒரு அன்ரி நிக்கிறா."

ஆக்ராவில் எங்களுக்காகக் காத்திருந்த வழிகாட்டி குரேஷி, நரைத்த தாடிக்காரர், ஆங்கிலத்தில் பேசுவார். அவரை ஓரமாக அழைத்துப்போய், சாவைப் பற்றி எதுவும் சொல்லாமல் தாஜ்மகாலைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், சாவை எடுத்துவிட்டால் எனக்குக் காட்டுவதற்குப் பூந்தோட்டம்தான் மிஞ்சும் என்றார். கடைசியில், அவர் தன் பாட்டுக்குச் சொல்வது, நான் என் பாட்டுக்குத் தமிழில் சொல்வது என்று ஒப்பந்தமானது.

முதலில் கோட்டை. பெற்ற மகனே ஷாஜகானை இங்கே எட்டு வருடம் அடைத்து வைத்தான் என்று குரேஷி சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். அதில் சாவு இல்லை.

பவளம் அன்ரி கேட்டார்: "மகனோ அடைச்சவன்? மருமகள் ஆர்?"

நிரோஷா யன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தாள்.

பிறகு தாஜ்மகால். பெரிய வாசலைக் கடந்து அது முன்னால் தெரிந்தபோது, நான் இரண்டு தரம் பார்த்தவன் என்பதே மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவ்வளவு அழகு. நல்லவேளை, ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் எடுத்துக் கட்டினார்கள் என்றேன்.

"பரவாயில்லையே" என்றார் பவளம் அன்ரியின் தம்பி இராசன் அண்ணை. "என்ரை வீட்டு லொஃப்ட்டிலை ஒரு அறை கட்டக் கவுன்சில் இன்னும் பெர்மிஷன் தரேல்லை."

மும்தாஜ் பதினான்காவது பிரசவத்தில் இறந்தார் என்று குரேஷி உருக்கமாகச் சொன்னார். "அவவுக்குப் பதினாலு பிள்ளையள்" என்றேன் நான். சாகும் தறுவாயில் கணவனிடம் ஒரு வாக்குக் கேட்டாராம் என்று குரேஷி கண்கலங்கினார். "ஒரு நாள் எனக்கு ஒரு வீடு கட்டித் தாங்கோ எண்டு கேட்டாவாம்" என்றேன். குரேஷிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் இரண்டு நிமிடம் பேசியது என் வாயில் ஒரு வரியாக வருவதைப் பார்த்து அவருக்கு மனம் நொந்துபோயிற்று.

மேடையில் ஏறுமுன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்குச் செருப்பைக் கழற்றினால் கோயில் ஞாபகம் வந்துவிடும். பேச்சு அடங்கியது. சேலைத் தலைப்பு தோளுக்கு ஏறியது. உள்வாசலில் பவளம் அன்ரி திரும்பி மருமகளின் கையைப் பிடித்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் வெளியிலை நில்லுங்கோ. உள்ளை சனம் நெருக்குது. போய் அந்தப் பூந்தோட்டத்திலை நில்லுங்கோ."

பாவம், கடல் கடந்து வந்த பிள்ளையை உள்ளே விடாமல் செய்கிற மாமியார் என்று நான் மனதுக்குள் திட்டினேன். நிரோஷா மறுபேச்சில்லாமல் கமராவோடும் புருசனோடும் ஓடினாள்.

உள்ளே அரையிருட்டு. பளிங்கு வேலிக்குள் இரண்டு கல்லறைகள், நடுவில் சின்னது, பக்கத்தில் பெரியது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் பத்துப் பொய்களை அடுக்கி வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பதினாறு பேரும் வேலியைத் தொடாமல், ஒரு முழம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பவளம் அன்ரிதான் எல்லாருக்கும் பிறகு வெளியே வந்தார்.

கோச்சில் ஏறியதும் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, நான் பிழைத்தேன் என்று மூச்சு விட்டேன்.

4. தண்ணீர்

ஹோட்டலுக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணி. நாலரைக்குப் பளிங்குச் சாமான் கடைக்குப் போவதாக ஏற்பாடு. எல்லாரும் கோப்பி கூடக் கேட்காமல், விறுவிறென்று அறைகளுக்குள் போனார்கள். களைப்பு என்று நினைத்தேன்.

நானும் என் அறைக்குள் போய்த் தலைக்கு ஷாம்பூ போட்டு நுரை பொங்கத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றது. குழாய் ஒரு தரம் இருமியது, பிறகு சத்தமில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். துவாயைக் கட்டிக்கொண்டு திறந்தேன். ஹோட்டல் மனேஜர் நின்றார். மிகவும் பணிவாக, குரலைத் தாழ்த்தி, உங்கள் குழுவில் யாராவது இறந்துவிட்டார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லையே, ஏன்?"

காலையில் நிரப்பிய மொட்டைமாடித் தொட்டி காலியாகிவிட்டது என்றார். எட்டு அறைகளில் ஒரே நேரத்தில் குளிக்கிறார்களாம், உடுப்புகளையும் தோய்க்கிறார்களாம். எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குப் போய் வந்தால்தான் இப்படிச் செய்வோம், அதனால்தான் கேட்டேன் என்றார். பேசும்போது அவர் பார்வை என் தலையிலிருந்த நுரையில் நின்றது.

எல்லாரும் நலம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான், நான் ஏன் குளிக்கப் போனேன் என்று என்னையே கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. கால் தானாகப் போயிற்று.

கடைக்குப் போகுமுன், தாமதமான மதியச் சாப்பாட்டு மேசையில் பதினாறு ஈரத் தலைகள். பெண்கள் கூந்தலை விரித்து நுனியில் முடிந்திருந்தார்கள்.

"சரியான வெக்கை என்ன?" என்றார் ஒருவர்.

"ஓமோம், மேல் கழுவாமல் இருக்கேலாது" என்றார் இன்னொருவர்.

ஒருவர் தலையை ஒருவர் பார்க்காமல் பருப்பும் சப்பாத்தியும் சாப்பிட்டார்கள். பத்து வருடமாக லண்டனில் இருந்துகொண்டு கவுன்சிலுக்கும் ஹோம் ஒஃபிசுக்கும் படிவம் நிரப்பிய சனத்துக்கு, 'டெத்' என்ற ஆங்கிலச் சொல் விளங்காது என்று நான் நம்பியிருக்கிறேன்! ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் விசயம். உலர்ந்த தலையோடு இருந்தது நிரோஷாவும் சுதனும் மட்டுமே. மருமகளின் தலையைப் பவளம் அன்ரி ஒரு தரம் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கினார்.

மற்றவர்கள் எழுந்து போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, நீரும் முழுகினனீரோ?"

"ஓம் அன்ரி. வெக்கை."

"காதுக்குப் பின்னாலை நுரை கிடக்கு, துடையும்."

துடைத்தேன். இனி மறைத்து என்ன?

"அன்ரி, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஏன் தெரியாது? சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உம்மட நோட்டீசிலை மாளிகை எண்டு போட்டிருந்தது நல்லதாப் போச்சு. வேறை மாதிரிப் போட்டிருந்தால் எல்லாரும் என்ரை முகத்தைத்தான் பாப்பினம். நான் வேண்டாம் எண்டுதான் சொல்லோணும். எனக்கு வரோணும்போலை இருந்தது."

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இவர் ஊரிலை மோசம் போன செய்தியும் எனக்குப் போனிலைதான் வந்தது. அப்ப அகதிக் கேஸ் முடியேல்லை, ஊருக்குப் போகேலாது. பாத்ரூமிலை போய் முழுகினனான். அம்மாவுக்கும் போன். அண்ணைக்கும் போன். பத்து வரியமாப் போனை வைச்சிட்டு வைச்சிட்டு முழுகிறன் தம்பி. முழுகிப்போட்டு வந்து வேலைக்கு வெளிக்கிடுறன். இண்டைக்குத்தான் ஒரு ஆளிட்டை நேரை போய், பக்கத்திலை நிண்டு, பாத்திட்டு வந்து முழுகினனான். ஆரோ ஒரு மனுசி. ஆரெண்டால் என்ன?"

எனக்கும் அப்படி இரண்டு போன் வந்திருந்தது. மேசையில் கிடந்த சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

5. கற்றுக்கொண்டது

வெம்பிளிக்குத் திரும்பியதும் பவளம் அன்ரி ஒஃபிசுக்கு வந்தார். "அருமையான மாளிகை, சனத்தை அனுப்புங்கோ" என்று தர்மண்ணையிடம் சொன்னார். வேலை பெர்மனென்ற் ஆயிற்று. அந்தக் கதிரையில் பிறகு பல வருடம் இருந்தேன். பூந்தோட்டத்தில் எடுத்த படத்தின் ஒரு பிரதியை நிரோஷா எனக்குக் காட்டினாள். அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான், ஓரத்தில் ஓர் அன்ரிகூட இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளர் ஏன் போகிறார் என்று ஒருபோதும் கேட்கவேண்டாம். அவர் சொல்கிற காரணத்தை அப்படியே படிவத்தில் எழுதுங்கள். சொல்லாத காரணத்துக்கு ஹோட்டலில் ஏற்பாடு செய்யுங்கள்.

நோட்டீசில் கடைசிவரை மாளிகை என்றே எழுதினோம். ஆனால் அடுத்த குழு புறப்படுமுன் ஆக்ரா ஹோட்டலுக்கு அனுப்பிய ஃபாக்ஸில் ஒரு வரி சேர்த்தேன்: பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். தர்மண்ணை அதை வாசித்துவிட்டு, ஏன் என்று கேட்கவில்லை. தானும் அந்தக் குழுவோடு வருவதாகச் சொன்னார்.