வீட்டின் மேல் போட்ட பழி

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வாசல் சரியில்லை என்று எண்பதுகளில் மனையடி பார்ப்பவர் ஒருவர் வந்து சொன்னார். அப்பாவின் தங்கைகள் இரண்டு பேரும் அந்த வீட்டில்தான் மார்பில் கட்டி வந்து அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். அப்பா முதலில் வாசலை இடித்து வடக்கே மாற்றினார். மனம் ஆறவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்கு வாடகைக்கு வந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே காமாலையில் போய்விட்டாள். பாவம் அந்த வீடு. வாய் இருந்தால் வழக்குப் போட்டிருக்கும்.

தொண்ணூறுகளில் அக்காவுக்கும் கட்டி வந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று மதுரையில் டாக்டர் கேட்டார்.

"இவ அம்மா பக்கம் யாருக்கும் கிடையாதுங்க" என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாகவே. பெண்களுக்கு வருவதெல்லாம் தாய்வழியில்தான் வரும் என்பது அவர் நினைப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது.

"அத்தைங்க ரெண்டு பேருக்கும் இருந்துச்சு டாக்டர்" என்றேன்.

"அப்பா வழியாவும் வரும்மா. நீங்களும் மாசாமாசம் கையால தடவிப் பாத்துக்கணும்."

திரும்பும் வழியில் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது அப்பா, "வீட்டப் போயி குத்தஞ் சொன்னேனேட்டி. குத்தம் எங்கிட்டதான இருந்திருக்கு" என்றார். அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா போன பிறகு நானும் அப்பாவும் பழைய வீட்டுக்கே திரும்பினோம். என்னைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. அக்காவை உரித்து வைத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

மாதம் ஒருமுறை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துக்கொள்வேன். அந்த நேரத்தைப் போல நான் தனியாக இருந்ததே இல்லை. வெளியே வந்தால் அப்பா முற்றத்தில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் நிற்பார். கேட்கமாட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்பேன். அதன் பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

ஒரு மாதம் இடது பக்கம் விரலில் தட்டுப்பட்டது. பட்டாணி அளவுதான். மறுபடியும் மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தேன். செம்பைப் பிடித்தபடி அப்பா என் முகத்தைப் பார்த்தார். மறுநாள் மதுரைக்குத் தனியாகப் பஸ் ஏற வேண்டும் என்று அதற்குள் முடிவு செய்திருந்தேன்.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தார்.