ஒரு பந்துக்கு இரண்டு பாடு

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகும் காலைப் பேருந்தில் முன்படிக்கட்டுக்கு அடுத்த இருவர் இருக்கை எங்களுடையது. சன்னலோரம் அவள், அவளுக்குப் பக்கத்தில் நான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தொடங்கிய வாரத்தில், என் இடத்தில் வேறொருத்தி அமர்ந்திருந்தாள். எந்த மேடையிலும் எந்தக் கேள்விக்கும் திகைக்காதவள் என்று பெயர் பெற்றவள் நான். அன்று ஒன்றும் பேசாமல் எதிர்ப்பக்கத்து மூவர் இருக்கையில், மடியில் இறால் கூடை வைத்திருந்த இரண்டு பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன்.

சன்னலோரத்தில் இருந்தவள் என் தோழி. எங்கள் குப்பத்தில் என் வீட்டுக்கு அடுத்த தெருக்காரி. எனக்கு இருந்த ஒரே தோழி என்றும் சொல்லலாம். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்குகிற பெண்ணை ஊரார் மெச்சுவார்கள், மெச்சிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவள் நகராதவள். அவள் கூடைப்பந்து ஆடுவாள். எங்கள் பள்ளித் திடலில் இரும்பு வளையம் ஒன்று இருந்தது. அதற்கு வலை இல்லை. அவளுடைய நைனா கழித்துப்போட்ட இறால் வலையிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கட்டினோம். நீளம் கூடிப்போனதால் வளையத்துக்குள் விழுந்த பந்து பல நேரம் வலையிலேயே சிக்கி நின்றுவிடும். சவுக்குக் கம்பால் அதைத் தட்டி விழச் செய்வது என் வேலை. அவள் போடுவாள், நான் தட்டுவேன். அவள் போடுவாள், நான் தட்டுவேன். இடையிடையே மறுநாள் பேச்சை அவளிடம் ஒப்பிப்பேன். "நல்லா கீது, ஆனா மூச்சு வுடு" என்பாள். என் பேச்சைப் பற்றி எவரும் சொன்ன திருத்தங்களில் அது ஒன்றுதான் இன்றுவரை பயன்படுகிறது.

என் இடத்தில் அமர்ந்தவள் பழவேற்காட்டு டவுனைச் சேர்ந்த வியாபாரக் குடும்பத்துப் பெண். பள்ளிக் காலத்தில் எதிரணியில் ஆடியவள். அவளும் என் தோழியும் எதிரெதிரே நின்றால் மற்ற எட்டுப் பேரும் வேடிக்கை பார்க்கத்தான் வந்தவர்கள் போலிருப்பார்கள். இவள் ஒரு கூடை போட்டால் அவள் ஒன்று போடுவாள். அந்த டவுன்காரி முதலாண்டு சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தாள். ஒத்துவராமல் எங்கள் கல்லூரிக்கு மாறி வந்துவிட்டாள். அன்று முதல் கல்லூரியில் வேறு பேச்சே இல்லை. கோப்பை நமக்குத்தான் என்றார்கள் சிலர். பந்து ஒன்று, போடுகிற கை இரண்டு, சண்டைதான் மிஞ்சும் என்றார்கள் வேறு சிலர்.

சண்டை வந்ததும் உண்மை. பயிற்சியில் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் பந்தைப் பிடுங்காத குறைதான். மற்ற மூவரும், குறிப்பாக மீஞ்சூரிலிருந்து ரயிலில் வரும் உயரமான பெண், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் பந்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் திடலோரம் நின்று பார்த்தேன். அந்த இணை உடைய வேண்டும் என்று விரும்பினேன். உடைந்தால் சன்னலோரத்துப் பக்கத்து இடம் எனக்குத் திரும்பும். என் கணக்கு அவ்வளவு எளியது.

விளையாட்டு வாரத்தை ஒட்டி எங்கள் தமிழ்த்துறை பட்டிமன்றம் வைத்தது. அணியின் வெற்றிக்கு வழி வகுப்பது இரு பெரும் ஆட்டக்காரர்களின் இணைப்பா, ஐவரின் ஒற்றுமையா என்பது தலைப்பு. ஐவரின் பக்கத்துக்கு நான் தலைமை ஏற்றேன். முன்வரிசையில் அவர்கள் இருவரும் தோளோடு தோள் உரச அமர்ந்திருந்தார்கள்.

"நடுவர் அவர்களே!" என்று குரலை எடுத்தேன். "எங்கள் ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் சிலவே. அவற்றில் வலை போட ஆசைப்படுகிறவர்கள் பலர். எவன் கெட்டிக்காரன் என்று பார்த்து அந்த இடத்தை எங்கள் ஊர் கொடுப்பதில்லை. சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்று உன் பாடு, நாளை என் பாடு என்று பிரித்துக் கொடுக்கிறது. ஒருவன் பாட்டில் அடுத்தவன் வலை இறங்காது. அவன் வலையில் ஒன்றும் விழாமல் போனாலும் இறங்காது. ஏன்? ஒரே இடத்தில் இரண்டு வலை இறங்கினால் இரண்டிலும் மீன் இருக்காது, ஊரிலும் அமைதி இருக்காது! ஒரே பந்தின் மேல் இரண்டு பெரிய வலைகளை வீசிவிட்டுக் கோப்பைக்குக் காத்திருப்பவர்களைக் கேட்கிறேன், உங்கள் கூடையில் மிஞ்சப் போவது என்ன?"

அரங்கு அதிர்ந்தது. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அந்தக் கைதட்டல் ஓய்ந்த நொடியில் நான் பார்த்தது முன்வரிசையை. என் தோழி டவுன்காரியின் காதில் எதையோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலைப் பேருந்தில் அவள் தன் இருக்கையிலிருந்து என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"இன்னாடி, மேடையில எங்கள நல்லா வாரிட்ட?"

"தலைப்பு அப்படி" என்றேன்.

"எங்க வாப்பா கேட்டிருந்தா, கடை வழக்குக்கு வக்கீலா உன்னையே வெச்சிருப்பாரு" என்றாள் டவுன்காரி.

"அத்த வுடு. நீ சொன்னதுல ஒண்ணு சூப்பர்டி" என்றாள் என் தோழி. "பாடு. பந்துக்குப் பாடு போட்டுக்கினா இன்னா? மொத குவார்ட்டர் பூரா எனக்கு. எல்லாரும் பந்த எனக்குத்தான் குடுக்கணும். அடுத்த குவார்ட்டர் இவளுக்கு. அப்பறம் எனக்கு, அப்பறம் இவளுக்கு. சண்டையே இல்ல."

"மெதுவா பேசுடி. குவார்ட்டர், குவார்ட்டர்னா கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு" என்றாள் டவுன்காரி.

இருவரும் சிரித்தார்கள். இறால் கூடைக்காரப் பெண்ணும் சிரித்தாள். இணையை உடைக்க நான் எடுத்த வாதமே இணையைக் கட்டுகிற கயிறாகி விட்டதை அந்தப் பேருந்தில் உணர்ந்தவள் நான் ஒருத்திதான்.

உடற்கல்வி ஆசிரியை முதலில் சீறினார். "இது இன்னா ரேஷன் கடையா, முறை வெச்சு ஆடறதுக்கு?" என்றார். ஆனால் சண்டை நின்றது. மீஞ்சூர்ப் பெண்ணுக்கு யாரிடம் பந்தைக் கொடுப்பது என்ற குழப்பம் தீர்ந்தது. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துகளை அவள் எட்டிப் பிடிப்பாள். பாடு யாருடையதோ அவளிடம் தருவாள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி எங்கள் திடலிலேயே தொடங்கியபோது, எதிரணிகள் தடுமாறிப் போயின. என் தோழியைக் காவல் காக்கப் பழகுவதற்குள் மற்றவள் அடிக்கத் தொடங்கிவிடுவாள்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு, முதல் பாடு யாருக்கு என்று சீட்டுப் போட்டார்கள். ஊரில் எப்படியோ அப்படியே. சீட்டை எடுக்க என்னை அழைத்தார்கள்.

"நீதான் எடுக்கணும். நீ ரெண்டு பக்கமும் இல்லாத ஆளு" என்றாள் என் தோழி.

ரெண்டு பக்கமும் இல்லாத ஆள். அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். நான் எடுத்தேன். அவர்கள் வென்றார்கள். மறுபடி எடுத்தேன். மறுபடி வென்றார்கள். வென்ற ஒவ்வொரு மாலையும் பேருந்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அவர்களின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு வந்தேன். இரு பெரும் ஆட்டக்காரர்கள் சேர்ந்தால் அணி கோப்பைக்கு நிற்குமா என்ற கேள்விக்கு, மேடையில் நான் வாங்கிய தீர்ப்பைத் திடல் ஆட்டத்துக்கு ஆட்டம் திருத்தி எழுதிக்கொண்டிருந்தது.

இறுதியாட்டத்துக்கு நான் பிரித்த சீட்டில் என் தோழியின் பெயர் இருந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. முதலும் மூன்றும் அவளுக்கு. இரண்டும் நான்கும் டவுன்காரிக்கு.

எதிரணி சென்னையிலிருந்து வந்திருந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் முதல் பாதி முழுதும் எதுவும் சொல்லாமல் பார்த்திருந்தார். இடைவேளையில் தன் பெண்களைக் கூட்டி வைத்து விரல் மடக்கி எதையோ விளக்கினார். கடைசிக் கால்பகுதியில் அதன் பொருள் விளங்கியது. பந்து டவுன்காரிக்குத்தான் வரும் என்று தெரிந்துகொண்டு, இரண்டு பேர் அவளை ஒட்டி நின்றார்கள். அவள் எங்கே திரும்பினாலும் இரண்டு பேர். எங்கள் முன்னிலை கூடை கூடையாகக் கரைந்து, கடைசியில் அவர்கள் ஒரு கூடை முந்தினார்கள்.

இரண்டு பேர் ஒருத்தியைச் சூழ்ந்தால் வேறொருத்தி தனியாக நிற்க வேண்டும் என்பது எளிய கணக்கு. தனியாக நின்றவள் என் தோழி. வளையத்துக்கு வலப்பக்கம், அவள் பள்ளித் திடலில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற இடத்தில், ஒருவரும் தடுக்காமல் நின்றாள். ஆட்டத்தில் தனித்து நிற்பவள் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் பந்து வரும். டவுன்காரி இரண்டு பேருக்கு நடுவிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தூக்கிய கை ஒன்றைத் தேடினாள். என் தோழியின் கைகள் இரண்டும் தொடையோரம் தொங்கின.

அந்த நொடியில் நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்று என்னைக் கேட்டிருந்தால் யோசித்திருக்க மாட்டேன். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பயின்ற குரல் என்னுடையது. அந்தக் குரல் முழுவதையும் திரட்டிக் கத்தினேன்.

"கையத் தூக்குடி!"

அவளுக்குக் கேட்டது. திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை எழவில்லை. டவுன்காரி இரண்டு பேரின் விரல்களுக்கு மேலே பந்தை எறிந்தாள். அது வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போனது. ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது.

நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். குழாயடியில் இருவரும் நின்றிருந்தார்கள்.

"ஏன்டி கை காட்டல? காலியாத்தானே நின்ன?" டவுன்காரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உன் பாடுடி. உன் பாட்டுல நான் எப்படி வலை எறக்குவேன்?"

"இது ஏரி இல்லடி, கோர்ட்டு! லூசு! தோத்துட்டோம்டி!"

"தோத்தா தோத்துட்டுப் போறோம். நைனா வந்து பாத்தா இன்னா கேப்பாரு? அடுத்தவ பாட்டுல கை வெச்சியானு கேப்பாரு."

டவுன்காரி அவளையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. என் தோழியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளும் அழுதாள். நான் நீட்டிய பாட்டிலை இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். நீட்டிய கையை ஒருத்தியும் பார்க்கவில்லை.

எங்கள் தமிழ்ப் பேராசிரியர் அன்று என்னைத் தேடி வந்து, "நீ பட்டிமன்றத்துல சொன்னது அப்படியே பலிச்சிடுச்சும்மா" என்றார். வணங்கினேன். பலித்ததா? அந்த ஆட்டத்தைப் பலமுறை மனத்தில் ஆடிப் பார்த்திருக்கிறேன். இரு பெரும் ஆட்டக்காரர்கள் இருந்ததால்தான் இறுதிவரை வந்தார்கள். ஒருத்தியின் மரியாதையால் தோற்றார்கள். அந்த மரியாதையை அவள் என் பேச்சிலிருந்து எடுக்கவில்லை. அது அவளிடம் முன்பே இருந்தது. அதற்குக் கூடைப்பந்தில் ஓர் இடம் உண்டு என்று மட்டும் நான் காட்டினேன். இன்று அதே தலைப்பைக் கொடுத்தால் எந்தப் பக்கமும் பேசுவேன். எந்தப் பக்கமும் வெல்வேன். திடலில் நடந்ததற்கு அது விடையாகாது.

தோற்றால் இணை உடையும் என்றல்லவா எண்ணியிருந்தேன்? திங்கட்கிழமை காலை, பேருந்தில் அந்த இருவர் இருக்கையில் அவர்கள் இருவரும்தான் இருந்தார்கள். டவுன்காரியின் தோளில் தலை சாய்த்து என் தோழி தூங்கிக்கொண்டிருந்தாள். என்னோடு வந்த நாள்களில் அவள் பேருந்தில் ஒருநாளும் தூங்கியதில்லை. நான் பேசிக்கொண்டே வருவேன். மற்றவள் என்னைப் பார்த்து, அவளை எழுப்பிவிடாதே என்பதுபோல் உதட்டில் விரல் வைத்தாள்.

சென்ற வாரம் ஒரு மாலை, பழைய பள்ளித் திடலைக் கடந்து வந்தேன். உள்ளே அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வளையத்தில் புதிய வலைத் துண்டு கட்டியிருந்தது; அதுவும் நீளம்தான். நான் வாசலில் நின்ற நேரம் பந்து உள்ளே விழுந்து சிக்கிக்கொண்டது. என் கண் தானாகச் சுவரோரத்துக்குப் போனது. சவுக்குக் கம்பு அங்கேதான் சாய்ந்திருந்தது. நான் உள்ளே காலெடுத்து வைப்பதற்குள், டவுன்காரி இரு கைகளையும் கோத்து நீட்டினாள். என் தோழி அதில் ஏறி எம்பிப் பந்தைத் தட்டினாள். பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது.

"ஏய், எப்ப வந்த? எறிடி!" என்றாள் அவள். எறிந்தேன். "இருடி, ஆடிட்டுச் சேந்து போலாம்."

"போட்டி இருக்குது. பேச்சு தயார் பண்ணணும்" என்றேன்.

"மூச்சு வுட்டுப் பேசு!" என்று கத்திவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினாள்.

போட்டி இருந்தது உண்மை. ஏரிக்கரையில், கட்டிக் கிடந்த படகுகளுக்கு எதிரே வழக்கமாகப் பயிற்சி செய்கிற இடத்துக்குப் போனேன். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நிமிர்ந்து நின்று, நடுவரை வணங்கினேன். எதிரணியினரை வணங்கினேன். அடுத்து, "என் அணித் தோழர்களே" என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தேன், மூச்சு வாங்கியது. அந்த வரியை விட்டுவிட்டுத் தலைப்புக்குள் நுழைந்தேன்.